மெக்கானிக்கல் எஞ்சினியரிங்: வந்த வழியும் போகும் வழியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், கல்லூரியில் மெக்கானிக்கல் எடுத்துவிட்டு “தப்பு பண்ணிட்டோமோ” என்று யோசிப்பவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வரலாற்றுக்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். இந்தத் துறை எப்படி வளர்ந்தது என்று தெரிந்தால், இனி எங்கே போகும் என்பதையும் ஓரளவு நிதானமாகப் பார்க்க முடியும் என்பது என் நம்பிக்கை.

மெக்கானிக்கல் என்றால் வண்டி, எஞ்சின் பற்றிய படிப்புதானே?

அது ஒரு பகுதிதான். அசைவு, விசை, வெப்பம் இவை எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் இந்தத் துறைக்கு வேலை உண்டு. மிக்சியின் பிளேடு, லிஃப்டின் பிரேக், ஆஸ்பத்திரி வென்டிலேட்டரின் வால்வு, ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர், செயற்கை இடுப்பு மூட்டு, ராக்கெட்டுக்கு எரிபொருள் தள்ளும் பம்ப் எல்லாமே இதில் சேரும். அனல்மின் நிலையமானாலும் அணுமின் நிலையமானாலும் டர்பைன் (நீராவி தள்ளிச் சுழற்றும் சக்கரம்) சுற்றினால்தான் மின்சாரம் வரும். அந்த டர்பைனும் நம் ஆட்களின் வேலைதான்.

இது எப்போது தொடங்கியது?

தனித் தொழிலாகக் கேட்டால் 1847 என்று சொல்லலாம். அந்த ஆண்டுதான் பிரிட்டனின் பர்மிங்காமில் மெக்கானிக்கல் எஞ்சினியர்களுக்கென்று தனிச் சங்கம் அமைந்தது. அதன் முதல் தலைவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன். நிலக்கரிச் சுரங்கத்து எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்ட தொழிலாளியின் மகன். பதினெட்டு வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாதவர். எஞ்சினைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டு மேலே வந்தவர்.

வேலை என்று கேட்டால் அது மிகப் பழையது. சீனாவின் கைஃபெங் நகரில் 11ஆம் நூற்றாண்டில் சூ சொங் தண்ணீரால் ஓடும் கடிகாரக் கோபுரம் கட்டினார். அல் ஜசாரி என்ற கைவினைஞர் 1206இல் எழுதி முடித்த நூலில், சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றும் பம்ப் படத்தோடு இருக்கிறது. நம் ஊர் ஏற்றமும் கமலையும் செக்கும் இதே வகைதான். செய்தவர்களின் பெயர் மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை. திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரின் கணக்கு சுத்தமான எஞ்சினியரிங். பிற்காலத்தில் அதே தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்தது.

நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் வாட் தானே? பள்ளியில் அப்படித்தான் படித்தோம்.

இல்லை. இந்தக் கதையைச் சரியாகத் தெரிந்துகொண்டால் துறையே பாதி புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

வாட் பிறப்பதற்கு முன்பே, 1712இல், இங்கிலாந்தின் டட்லி கோட்டை அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து தண்ணீர் இறைக்க நீராவி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. செய்தவர் தாமஸ் நியூகோமன், இரும்புச் சாமான் வியாபாரி. சிலிண்டருக்குள் நீராவியை நிரப்பி, அதன்மேல் குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார். நீராவி சுருங்கித் தண்ணீராகும், உள்ளே வெற்றிடம் உண்டாகும், வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். நிமிடத்துக்குப் பன்னிரண்டு தடவை. வேலை நடந்தது, ஆனால் கரியை வாரி விழுங்கியது. ஒவ்வொரு தடவையும் சிலிண்டரைச் சூடாக்கி, குளிர வைத்து, திரும்பச் சூடாக்க வேண்டியிருந்ததுதான் காரணம்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துகொண்டிருந்த வாட்டிடம் இந்த எஞ்சினின் சிறிய மாதிரி ஒன்று பழுதுபார்க்க வந்தது. வெப்பம் எங்கே வீணாகிறது என்று அளந்து பார்த்தார். நீராவியைக் குளிர வைக்கத் தனியாக ஒரு பாத்திரம் இருந்தால் சிலிண்டரைச் சூடாகவே வைத்திருக்கலாம் என்று 1765இல் அவருக்குத் தோன்றியது. அதுதான் தனிக் கண்டன்சர். 1769இல் காப்புரிமையும் வாங்கிவிட்டார்.

ஆனால் வணிகரீதியாக அந்த எஞ்சின் ஓடியது 1776இல்தான். ஏன் அத்தனை ஆண்டு? யோசனையில் கோளாறு இல்லை. சிலிண்டர்தான் கிடைக்கவில்லை! நியூகோமன் எஞ்சினில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அடைத்துவிடலாம். வாட்டால் அதைச் செய்ய முடியாது, தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் குளிர்ந்துவிடும். அவருக்கு உண்மையிலேயே வட்டமான, மேலிருந்து கீழ்வரை ஒரே விட்டம் உள்ள துளை வேண்டும். அன்றைக்கு அதைச் செய்ய ஆளும் இல்லை, மெஷினும் இல்லை.

செய்து கொடுத்தவர் ஜான் வில்கின்சன். பீரங்கிக் குழாய் குடைவதில் பேர்பெற்ற இரும்புத் தொழிலதிபர். அதுவரை குடையும் தண்டை ஒரு முனையில் மட்டும் பிடித்தார்கள். நீளம் கூடக் கூட அது தொங்கும், துளை கோணும். வில்கின்சன் 1775இல் தண்டைச் சிலிண்டருக்குள் முழுக்க நுழைத்து இரண்டு முனையிலும் தாங்கல் கொடுத்தார். அவ்வளவுதான் மாற்றம். 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமன் அளவுகூடப் பிசகு இல்லை என்று வாட்டின் பங்குதாரர் மேத்யூ போல்டன் எழுதிவைத்திருக்கிறார். வாட்டின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, வில்கின்சனின் பெயர் இல்லை. எனக்கு இது எப்போதும் உறுத்தும்.

அப்படியானால் யோசனையைவிடச் செய்முறைதான் முக்கியமா?

இரண்டும் வேண்டும். ஆனால் செய்யும் கைக்காக யோசனை காத்துக் கிடந்த கதைகள் இந்தத் துறையில் ஏராளம். அலெக்சாண்ட்ரியாவின் ஹீரோ முதல் நூற்றாண்டிலேயே நீராவியால் சுழலும் உருண்டையை விவரித்திருக்கிறார். அதை எஞ்சினாக்கத் தேவையான உலோகமும், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கும், வால்வும் அவர் காலத்தில் கிடையாது. இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்.

போல்ட், நட், மரை இதெல்லாம் வரலாற்றில் அவ்வளவு பெரிய விஷயமா?

மிகப் பெரிய விஷயம். ஹென்றி மாட்ஸ்லே 1800 வாக்கில் மரை வெட்டும் லேத்தை (பொருளைச் சுழற்றிச் சீவும் மெஷின்) சீர்செய்யும்வரை ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதற்கென்றே ஒரு நட். மாற்றிப் போட்டால் ஏறாது. அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், பல பட்டறைகளின் மரைகளைச் சேகரித்து ஒப்பிட்டு, 1841இல் ஒரே முறையை முன்வைத்தார்: மரையின் கோணம் 55 டிகிரி, இந்த விட்டத்துக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 டிகிரியைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப்போரில் ஒரே அணியில் நின்ற இரண்டு நாடுகளின் போல்ட்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. 1948இல்தான் ஒரு பொது முறைக்கு உடன்பட்டார்கள்.

பொருந்தாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1904 பிப்ரவரியில் பால்டிமோரில் பிடித்த தீ சாட்சி. வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ஓடிவந்தன. பலருடைய ஹோஸ் முனை பால்டிமோர் தண்ணீர்க் குழாயில் மாட்டவில்லை. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்துபோயின.

பாய்லர் என்றால் ஏன் இத்தனை சட்டம், இத்தனை சோதனை?

மனித உயிர் போனதால். பிரெஞ்சுக்காரர் டெனி பாப்பன் 1679இல் எலும்பை வேகவைக்க மூடிய பாத்திரம் ஒன்று செய்தார். அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ளும் எடை வைத்த வால்வும் அதில் இருந்தது. நம் வீட்டுக் குக்கரின் வெயிட் அதன் நேர் வாரிசு. 19ஆம் நூற்றாண்டில் உயர் அழுத்த நீராவி கப்பல், ரயில், ஆலை என்று எங்கும் பரவியபோது அந்த எச்சரிக்கை எல்லா இடத்துக்கும் கூடப் போகவில்லை. 1865இல் மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா என்ற படகின் பாய்லர்கள் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1905இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ப்ராக்டன் நகரில் காலணித் தொழிற்சாலை பாய்லர் வெடித்து 58 பேர் மாண்டார்கள். தகடு எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும், ரிவெட் எப்படி அடிக்க வேண்டும் என்று வரையறுக்கும் விதிநூலை அமெரிக்க மெக்கானிக்கல் எஞ்சினியர்கள் சங்கம் தயாரித்தது இதற்கெல்லாம் பிறகுதான். இந்தியாவில் 1863இல் கல்கத்தாவில் நடந்த வெடிப்பைத் தொடர்ந்து வங்காளத்தில் சட்டம் வந்தது. நாடு முழுமைக்கும் 1923இல் வந்தது. 2025இல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்திருக்கிறது.

கல்லூரியில் விதிநூலைச் சலிப்போடு புரட்டும் மாணவர்களிடம் நான் சொல்வது, அதில் உள்ள வரிகளில் பல ஒரு விபத்துக்குப் பிறகு எழுதப்பட்டவை என்பதைத்தான்.

எரிபொருளின் சக்தி முழுவதையும் வேலையாக மாற்ற முடியாதா?

முடியாது. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் வெப்ப எஞ்சினுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று பிரெஞ்சு ராணுவ எஞ்சினியர் சாடி கார்னோ 1824இல் காட்டினார். அந்த வரம்பு சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள வெப்பநிலையைப் பொறுத்தது. நீராவி 600 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 30 டிகிரி என்று வைத்தால் உச்சம் சுமார் 65 சதவீதம். நல்ல அனல்மின் நிலையத்தில் நடைமுறையில் கிடைப்பது 40 சதவீதத்தை ஒட்டித்தான்.

அதற்குப் பிறகான எஞ்சின் வரலாறு பெரும்பாலும் சூடான பக்கத்தை இன்னும் சூடாக்கும் முயற்சி. ருடால்ஃப் டீசல் மாணவராக இருந்தபோது கார்னோவின் கருத்தைப் பாடமாகக் கேட்டு, அதையே துரத்தி, 1897இல் 26 சதவீதம் தொட்ட எஞ்சினைக் காட்டினார். இன்று வாயு டர்பைனையும் நீராவி டர்பைனையும் சேர்த்து ஓட்டும் நிலையங்கள் 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. அந்த வாயு டர்பைனின் பிளேடுகளைச் சுற்றி ஓடும் வாயு, பிளேடு செய்த உலோகம் உருகும் வெப்பநிலையைவிடச் சூடானது. பிளேடு முழுவதையும் ஒரே படிகமாக வார்த்து, உள்ளே காற்றுப் பாதைகள் வைத்து, மேற்பரப்பில் நுண்துளைகள் போட்டு உருகாமல் காக்கிறார்கள். கையில் எடுத்துப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

உராய்வு பற்றி இன்னும் ஆராய என்ன இருக்கிறது?

நிறைய. பிரிட்டனில் பீச்சம்ப் டவர் என்பவர் 1883 வாக்கில் ரயில் அச்சுக்கான பேரிங்குகளைச் சோதித்தார். எண்ணெய் ஊற்றும் துளை வழியாக எண்ணெய் பொங்கி வந்தது. கட்டையால் அடைத்தார், கட்டை மெல்ல வெளியே தள்ளப்பட்டது. உள்ளே எண்ணெய்ப் படலம் அச்சையே தூக்கி நிறுத்தும் அளவு அழுத்தத்தில் இருந்தது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் அதற்குக் கணக்கு எழுதினார். இன்றும் டர்பைன் பேரிங் வடிவமைப்பு அந்தச் சமன்பாட்டில்தான் தொடங்குகிறது. உலகம் செலவிடும் ஆற்றலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உராய்வைச் சமாளிக்கவே போகிறது என்று 2017இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. அதில் கொஞ்சம் குறைத்தாலும் எவ்வளவு மிச்சம் என்று யோசியுங்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்த வரலாற்றில் இடம் உண்டா?

உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடியதும் அதைப் பராமரிக்கப் பட்டறைகளும், பட்டறையோடு ஃபிட்டர்களும், லேத்தில் வேலை செய்யும் டர்னர்களும் வந்தார்கள். பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை 1955இல் தொடங்கியது. முதல் வந்தே பாரத் ரயிலும் அங்கேதான் உருவானது.

கோவைக் கதை எனக்கு இன்னும் பிடித்தது. பஞ்சாலைகள் வந்தன, அவற்றின் மெஷின்களைப் பழுதுபார்க்கப் பட்டறைகளும், உலோகம் வார்க்கும் ஃபவுண்டரிகளும் வந்தன. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. பழுதுபார்த்த கைகளே மோட்டாரும் பம்ப்பும் செய்யத் தொடங்கின. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தார்கள். 1955இல் பி. சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டர் நம் வீட்டுப் பெண்களின் தோள்வலியைக் குறைத்த அளவுக்கு வேறெந்த மெஷினும் குறைத்திருக்காது.

அப்புறம் பாம்பன். 1914இல் திறந்த பாலத்தின் நடுப்பகுதி, கப்பல் வரும்போது இரண்டாகப் பிரிந்து மேலே எழும் ஷெர்சர் வகை. தொழிலாளர்கள் கையாலேயே நெம்பித் திறந்தார்கள். உப்புக்காற்றில் துருவோடு போராடிக்கொண்டே நூறு ஆண்டுக்கு மேல் வேலை செய்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. ராமேஸ்வரம் போகிறவர்கள் அது தூக்கும் நேரம் அமைந்தால் நின்று பாருங்கள்.

சிஎன்சி வந்து டர்னர் வேலை போய்விட்டதே?

கைப்பிடி சுற்றும் வேலை குறைந்தது, உண்மை. சிஎன்சி என்பது எழுதிக் கொடுத்த புரோகிராம்படி மெஷினைத் தானே ஓட வைக்கும் முறை. ஹெலிகாப்டர் இறக்கை வளைவுகளைத் துல்லியமாகச் செய்ய ஜான் பார்சன்ஸ் எடுத்த முயற்சியில் இதன் முன்னோடி பிறந்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1952இல் செய்து காட்டினார்கள். ஆனால் சிஎன்சி புரோகிராம் எழுதுகிறவருக்கு எந்த டூல், என்ன வேகம், பீஸை எங்கே பிடித்தால் வளையாது என்று தெரிந்திருக்க வேண்டும். அது லேத் அறிவுதான். நல்ல புரோகிராமருக்கு இன்றைக்கும் கிராக்கி இருக்கிறது.

மின்வாகனம் வந்தால் மெக்கானிக்கல் முடிந்ததா?

இல்லை, வேலை இடம் மாறுகிறது. பிஸ்டன், வால்வு, கிராங்க் ஷாஃப்ட், சைலன்சர் செய்யும் சிறு நிறுவனங்களுக்கு அடி விழும். இதை மூடிமறைக்க வேண்டாம். சென்னை, ஓசூர், கோவை சுற்றுவட்டாரத்தில் இந்த உதிரிபாகங்களை நம்பியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு மாற்றுத் தொழில் பயிற்சி இப்போதே தொடங்க வேண்டும்.

மறுபக்கம், பேட்டரியை நம் வெயிலில் குளிர்ச்சியாக வைப்பதே பெரிய வெப்பக் கணக்கு. மோட்டார் நிமிடத்துக்கு 10,000 சுற்றைத் தாண்டிச் சுழலும், அதைச் சக்கரத்துக்கு ஏற்பக் குறைக்க கியர் வேண்டும். எஞ்சின் இரைச்சல் இல்லாததால் கியரின் சின்ன முனகலும் காதில் விழும். அதனால் பல்லை முன்பைவிடத் துல்லியமாக அரைக்க வேண்டியிருக்கிறது. வில்கின்சன் சந்தித்த அதே சவால், இப்போது மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில்.

3டி பிரிண்டிங் எல்லா மெஷினையும் ஒழித்துவிடுமா?

ஒழிக்காது. லட்சக்கணக்கில் ஒரே போல்ட் வேண்டுமென்றால் அது மெதுவானது, விலையும் கூடுதல். வளைந்து நெளிந்த உட்பாதைகள் கொண்ட, குறைந்த எண்ணிக்கைப் பாகங்களுக்கு அருமையானது. சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக அச்சிட்ட ராக்கெட் எஞ்சினை 2024 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறக்கவிட்டது. பல பாகங்களை வெல்டிங் செய்து சேர்க்கும் வேலையே அதில் இல்லை. ஆனாலும் அச்சிட்ட பாகத்தில் பொருத்தும் முகங்களைப் பெரும்பாலும் மெஷினில் விட்டுச் சீவித்தான் எடுக்க வேண்டும்.

ஏஐ வடிவமைத்துவிட்டால் எஞ்சினியர் எதற்கு?

இவ்வளவு பாரம், இவ்வளவு எடை என்று சொன்னால் கணினி நூறு வடிவங்களைத் தரும். பேரிங்கின் அதிர்வைக் கேட்டு “இது சீக்கிரம் போகப்போகிறது” என்றும் சொல்லும். இரண்டும் நல்ல உதவி. ஆனால் காமெட் ஜெட் விமானத்தை நினைத்துப் பாருங்கள். 1954இல் இரண்டு விமானங்கள் நடுவானில் சிதறின. கணக்குப்படி உடல் பலமாகத்தான் இருந்தது. ஒரு முழு விமானத்தையே தண்ணீர்த் தொட்டியில் வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தபோது, அது ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்துச் சுமார் 3,000 பறப்புகளுக்குச் சமமான சுழற்சியில் பிளந்தது. திரும்பத் திரும்ப வரும் சுமையில் உலோகம் களைத்துப்போகும் என்பது ரயில் அச்சுகளைச் சோதித்த ஜெர்மானியர் வோலர் காலத்திலேயே தெரிந்ததுதான். இருந்தும் கவனத்தில் விட்டுப்போனது. எதைச் சோதிக்க வேண்டும், எந்த விடையை நம்பக்கூடாது என்று முடிவுசெய்து கையெழுத்துப் போடும் பொறுப்பு மனிதருடையது.

அடுத்த முப்பது ஆண்டில் பெரிய வேலை எது?

என்னைக் கேட்டால் குளிரூட்டல். வில்லிஸ் கேரியர் 1902இல் ப்ரூக்ளின் அச்சகம் ஒன்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த அமைத்ததுதான் நவீன ஏசியின் தொடக்கம். இப்போது வெப்பம் கூடும் உலகில் கோடிக்கணக்கானவர்களுக்கு அது வேண்டும், ஆனால் இன்றைய மின்செலவில் முடியாது, இன்றைய குளிர்பதன வாயுக்களும் கூடாது. காற்றாலைகளும் அப்படியே. முப்பந்தலில் நிதானமாகச் சுழலும் பழைய வகைக் காற்றாலைகள் பலவற்றில் உள்ளே ஒரு கியர்பாக்ஸ் அதை நிமிடத்துக்கு 1,500 சுற்றாக்குகிறது. எதிர்பார்த்த காலத்துக்கு முன்பே அதன் பேரிங்குகள் போவது உலகம் முழுக்கத் தலைவலி.

சரி, மெக்கானிக்கல் எடுக்கலாமா?

பொருள்களைப் பிரித்துப் பார்க்கும் ஆசை இருந்தால் தாராளமாக. முதல் வேலையில் சம்பளம் மென்பொருளைவிடக் குறைவாக இருக்கக்கூடும், அனுபவம் ஏற ஏறத்தான் மதிப்புக் கூடும். அதைத் தெரிந்துகொண்டு எடுங்கள். பெண்களுக்கு ஏற்றதா என்றும் கேட்கிறார்கள். ஏற்றதுதான். ஷாப் ஃப்ளோரில் கழிப்பறையும் பாதுகாப்பான போக்குவரத்தும் செய்து தருவது நிறுவனத்தின் கடமை.

இடம் கிடைத்துவிட்டது. முதல் ஆண்டிலேயே என்ன செய்யலாம்?

வெர்னியரும் மைக்ரோமீட்டரும் கைக்குப் பழகட்டும். பழைய பம்ப் ஒன்றை வாங்கிப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, கையால் வரையுங்கள். வெப்ப இயக்கவியலை மனப்பாடம் செய்யாதீர்கள், கணக்காகப் போடுங்கள். பைத்தான் என்ற கணினி மொழி கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. பக்கத்து லேத் பட்டறை அண்ணனிடம் கேட்டு விடுமுறையில் போய் நில்லுங்கள். வரைந்ததை எடுத்துப்போய், “அண்ணே, இந்தத் துளைக்கு 0.02 மி.மீ. டாலரன்ஸ் போட்டிருக்கேன், எதுல செய்வீங்க, எவ்வளவு நேரமாகும்?” என்று கேளுங்கள். அதே துளைக்கு 0.2 மி.மீ. பிசகு இருந்தால் பரவாயில்லையா என்று அவரே திருப்பிக் கேட்பார். அதற்குக் காரணத்தோடு பதில் சொல்லும் அளவுக்கு அந்தப் பாகத்தைத் தெரிந்துகொண்டு போங்கள்.